ஹூக்ளிப் படகுகளின் டீசல் புகைக்குழாய்

ஹூக்ளி ஆற்றில் ஓடும் லாஞ்சு, ஃபெரி, புட்புட்டிப் படகு ஆகியவற்றின் டீசல் எஞ்சினிலிருந்து வரும் கழிவுப்புகையைப் பயணிகளுக்கும் படகுக்கும் தீங்கின்றி வெளியேற்றும் அமைப்பு. குழாய், பெல்லோஸ், சைலன்சர், வெப்பக்காப்பு உறை ஆகியவை இதன் உறுப்புகள்.

கொல்கத்தாவுக்கு எதிரேயுள்ள ஹவுராக் கரையில் இதன் வரலாறு நீராவிக் காலத்தில் தொடங்குகிறது. 1823 ஜூலையில் கொல்கத்தாக் கரையிலுள்ள கிதிர்பூரில் 'டயானா' என்ற நீராவிப் படகு நீரில் இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மூண்ட முதல் ஆங்கில–பர்மியப் போரில் அது ஐராவதி ஆற்றில் ஓடியது. 'எண்டர்பிரைஸ்' என்ற கப்பல் பாய்களின் துணையோடு இங்கிலாந்திலிருந்து 1825 டிசம்பரில் கொல்கத்தா வந்து சேர்ந்தது. 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹவுராவிலிருந்து முதல் ரயில் புறப்பட்டபோது ஆற்றின் குறுக்கே பாலம் இல்லை. கொல்கத்தாவாசிகள் படகில் கடந்துதான் ரயிலேறினர். 1874இல் மிதவைப் பாலமும் 1943இல் இன்றைய ஹவுரா பாலமும் வந்த பிறகும் படகுத்துறை ஓயவில்லை. ஹவுராக் கரையின் சால்கியாவிலும் நாசிர்கஞ்சிலும் கப்பல் கட்டும் தொழிலும் பழுது பார்க்கும் தொழிலும் வேரூன்றின.

நீராவிப் படகுக்குப் புகைபோக்கி உயரமாக இருந்தாக வேண்டும். அந்த உயரமே கொதிகலனின் தீக்குக் காற்றை இழுத்துக் கொடுத்தது. டீசலில் பிஸ்டனே புகையைத் தள்ளிவிடுகிறது. ஆகவே குழாயை மேலே, பக்கவாட்டில், பின்புறம் என எங்கும் கொண்டுபோகலாம். ஆனால் வழியிலுள்ள ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு அடைப்பும் பிஸ்டனுக்கு எதிரழுத்தமாகத் திரும்பும். எதிரழுத்தம் கூடினால் கரும்புகை வரும், இழுவை குறையும், வால்வும் டர்போவும் கருகும். குழாயின் விட்டத்தை எஞ்சின் தயாரிப்பாளர் சொன்ன அளவிலிருந்து குறைப்பது ஒருபோதும் கூடாது.

அமைப்பு இரு வகைப்படும். ஈர வகையில் எஞ்சினைக் குளிர்வித்த ஆற்றுநீரே புகையோடு கலந்து, ரப்பர் ஹோஸ் வழியே வெளியேறும். உலர் வகையில் சூடான புகை இரும்புக் குழாயில் நேரே மேலேறும். ஹூக்ளி வண்டல் மிகுந்த, ஓதம் ஏறி இறங்கும் ஆறு. அந்த வண்டல், குளிர்நீரை ஏற்றும் பம்பின் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். துர்கா பூசைச் சிலைக் கரைப்புக்குப் பின் வைக்கோலும் மாலைகளும் நீரில் மிதக்கின்றன. உறிஞ்சுவாய் வலையை அந்நாட்களில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். நீர் நின்றால் சில நிமிடங்களில் ஹோஸ் கருகிப் புகை எஞ்சின் அறைக்குள் நிறையும். எனவே இந்த ஆற்றுக்கு உலர் வகையே ஏற்றது.

முழுச் சுமையில் புகையின் வெப்பம் 400 டிகிரி செல்சியசுக்கு மேல் போகும். மூன்று மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளும். இந்த நீட்சியைத் தாங்கவே எஞ்சினை ஒட்டி பெல்லோஸ் பொருத்தப்படுகிறது. குழாயின் எடை டர்போமேல் இறங்காமல் தனித் தாங்கிகளில் தொங்க வேண்டும். மரத்தளத்தைக் கடக்கும் இடத்தில் காற்றிடைவெளியுள்ள இரட்டை உறை தேவை. 220 டிகிரிக்கு மேல் சூடாகும் பரப்பு, எண்ணெய் பட வாய்ப்புள்ள இடத்தில் இருந்தால் மூடப்பட வேண்டும் என்பது சோலஸ் எனும் பன்னாட்டுக் கடல்பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி. ஆற்றுப் படகுக்கும் அதுவே நல்ல அளவுகோல். எண்ணெய் ஊறிய வெப்பக்காப்பு உறை திரிபோலப் பற்றும். அதைத் துடைத்துவிட்டு மறுபடி சுற்றாமல் கழற்றி எறிய வேண்டும். பழைய உறையில் கல்நார் இருக்கக்கூடும். அதை உலர்வாகப் பிய்க்கலாகாது.

ஃபிளாஞ்சு இணைப்பில் கரிக்கோடு தெரிந்தால் கேஸ்கெட் கசிகிறது என்று பொருள். ஈர வகை உள்ள படகில், எஞ்சின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது ஆபத்து. தள்ளும் புகை இல்லாததால் நீர் சேர்ந்து சிலிண்டருக்குள் ஏறும். அப்போது ஆற்றுநீரை உள்ளே விடும் கடல்வால்வை மூடிக்கொள்வது நல்லது. நீர் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு அருகிலோ கீழோ அமைந்தால் சைஃபன் தடுப்பு வால்வு கட்டாயம். கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. நாளெல்லாம் எஞ்சின் அறையிலேயே நிற்கும் ஓட்டுநருக்குத்தான் முதல் பாதிப்பு. பயணிகள் பத்து நிமிடத்தில் கரையேறிவிடுகிறார்கள்.

இத்தகைய படகுகளுக்கான 1917ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் புதிய சட்டம் வந்துள்ளது. புகைக்குழாயே தேவைப்படாத மின்கல ஃபெரிகளும் ஆற்றில் இறங்கத் தொடங்கியுள்ளன.