பாம்பன் பழைய பாலமும் எங்கள் கோச்சிப் பயணமும்

1985 இல் பாம்பன் பாலத்தைக் கடந்தபோது எனக்கு எட்டு வயது. வள்ளத்தில் வந்திறங்கிய எங்களை இராமேஸ்வரத்தில் கோச்சியில் ஏற்றி மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இருபுறமும் கடல். கோச்சி ஊர்ந்துதான் போனது. பக்கத்திலுள்ள வீதிப் பாலம் 1988 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதுவரை தீவில் கரையேறிய ஈழத் தமிழர் பெருநிலம் செல்ல இந்த ஒற்றைப் புகையிரதப் பாதையை விட்டால் தரைவழி கிடையாது.

பாலம் 1914 பெப்ரவரி 24 இல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். 145 கண்களோடு, நடுவே கப்பலுக்கு வழிவிடும் ஒரு திறப்பும் உண்டு. சுழல் பாலம் என்றால் கிடையாகத் திரும்பும். இது அப்படியல்ல. ஷெர்சர் முறைப்படி அமைந்த இரண்டு இரும்புச் சிறகுகள், வளைந்த அடிப்பாகத்தில் பின்னோக்கி உருண்டு மேலெழும். பின்புறம் எதிர்ப்பாரம் இருப்பதால், நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள சிறகை ஆட்கள் கையால் நெம்புகோல் சுற்றியே உயர்த்தினார்கள். மோட்டார் இல்லை.

இது எங்களுக்கு அந்நியப் பாலமுமல்ல. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கோச்சி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு மீண்டும் கோச்சி. யாழ்ப்பாணத்தார் மதவாச்சிச் சந்தியில் மாறி ஊருக்கு வருவார்கள். 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியையும் ஒரு பயணிகள் கோச்சியையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. பாலத்தின் பெரும்பாலான உத்தரங்களும் விழுந்தன. தூக்கும் பகுதி மட்டும் நின்றது. பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டது. ஆனால் தனுஷ்கோடிக்குக் கோச்சி திரும்பவில்லை.

2022 டிசெம்பரில் பழைய பாலத்தில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 இல் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீற்றர் தூக்குப் பகுதி நிமிர்ந்தபடியே, மின்சாரத்தால் மேலெழும். பழையதுக்கு இனி வேலையில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் பாதை நினைவுக்கு வருகிறது. 1990 யூனில் யாழ்தேவி நின்றது. பின்னர் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 யனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி திரும்பியது உண்மை. ஆனால் பழைய நிலையங்களின் படம் தேடி நான் வீடு வீடாகக் கேட்டபோது, பெரும்பாலானோர் சொன்னது ஒன்றுதான்: இடம்பெயரேக்க விட்டிட்டு வந்திட்டம்.

பாம்பனுக்கு அப்படி நேரக்கூடாது. இரும்பின் அளவுகளை இந்திய ரயில்வே வைத்திருக்கும். அதில் அகதிகளாகக் கடந்தவர்களின் கணக்கை யார் வைத்திருப்பார்கள்? 1983 முதல் 1988 வரை போனவர்களில் பலர் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள், சிலர் எழுபதை. எந்தத் துறையில் வள்ளம் ஏறினோம், எந்த மாதம், கோச்சியில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தாலே போதும். பெரிய ஆய்வு தேவையில்லை.

நான் அம்மாவிடம் தொடங்கினேன். திகதி அவருக்கு நினைவில்லை. ஆவணி என்றார், பிறகு புரட்டாதி என்றார். மற்றது மட்டும் தெளிவாக வந்தது.

"கீழ பாக்காத எண்டு சொன்னனான். நீ பாத்துக்கொண்டே வந்தாய்."