லார்ட் ஹாவ் தீவு: நானூறு விருந்தினரின் வரலாறு

லார்ட் ஹாவ் தீவு, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிறு எரிமலைத் தீவு. பிறை வடிவம் கொண்டது. சிட்னிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 780 கிலோமீட்டர் தொலைவில், டாஸ்மன் கடலில் உள்ளது. பரப்பளவு 15 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வெப்ப மண்டலத்தின் விளிம்பை ஒட்டி அமைந்திருப்பதால் இங்கே கடுங்குளிரும் இல்லை, கடும் வெயிலும் இல்லை. உலகின் தென்கோடியிலுள்ள பவளத்திட்டுகளுள் ஒன்று இத்தீவின் காயலை அணைத்துக் கிடக்கிறது. ஓய்வாக விடுமுறையைக் கழிக்க ஏற்ற இடம் என்று பெயர் பெற்ற இத்தீவில், ஒரே நேரத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தங்க அனுமதியில்லை. இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

கண்டறிதலும் குடியேற்றமும்

1788 பிப்ரவரியில், சிட்னியிலிருந்து நார்ஃபோக் தீவுக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற 'சப்ளை' என்னும் கப்பலின் தலைவர் ஹென்றி லிட்ஜ்பேர்ட் பால் இத்தீவைக் கண்டார். திரும்பும் வழியில், மார்ச் மாதத்தில் கரையிறங்கினார். பிரித்தானியக் கடற்படைத் தலைமையில் இருந்த ஹாவ் பிரபுவின் பெயரைத் தீவுக்குச் சூட்டினார். அதற்கு முன் இங்கே மனிதர் வாழ்ந்ததற்கான தடயம் எதுவும் கிடைக்கவில்லை.

மனிதரைக் கண்டறியாத பறவைகள் மனிதரைக் கண்டு அஞ்சவும் அறியவில்லை. மாலுமிகள் அவற்றை எளிதாகப் பிடித்து உணவாக்கினர். இத்தீவுக்கே உரிய வெண் தாழைக்கோழி சில பத்தாண்டுகளுக்குள் அற்றுப்போனது.

1834இல் நியூசிலாந்திலிருந்து மூன்று ஆண்கள் தம் மாவோரி மனைவியருடன் வந்து குடியேறினர். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு நீரும் இறைச்சியும் காய்கறியும் விற்பதே அவர்களின் பிழைப்பு. திமிங்கில வேட்டை நலிந்தபோது தீவும் நலிந்தது. அப்போது கைகொடுத்தது இங்கு இயற்கையாக வளரும் கெண்டியா பனை. வெளிச்சம் குறைந்த அறையிலும் வாடாமல் நிற்கும் செடி என்பதால், விக்டோரியா அரசி காலத்து ஐரோப்பிய வீடுகளும் விடுதிகளும் இதை விரும்பி வாங்கின. அதன் விதை ஏற்றுமதி தீவின் முதன்மை வருவாயாயிற்று.

1918: ஒரு கப்பல், சில எலிகள்

1918 ஜூன் மாதம் 'மகாம்போ' என்ற நீராவிக் கப்பல் இத்தீவருகே தரைதட்டியது. பழுது பார்ப்பதற்குள் அதிலிருந்த கருப்பு எலிகள் கரையேறிவிட்டன. அடுத்த சில ஆண்டுகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஐந்து பறவையினங்கள் மறைந்தன. பனை விதைத் தொழிலும் பாதிக்கப்பட்டது. எலி வாலுக்குச் சன்மானம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆந்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த ஆந்தைகள் எலிகளோடு பறவைகளையும் வேட்டையாடின. ஒரு தவற்றைத் திருத்த மற்றொன்றைச் செய்வது எப்படி முடியும் என்பதற்கு இது பாடம்.

கையளவு நீளமுள்ள, இறக்கையற்ற, கருநிறக் குச்சிப்பூச்சியும் இங்கிருந்து அழிந்தது. அது உலகிலிருந்தே மறைந்துவிட்டதாகப் பல ஆண்டுகள் நம்பப்பட்டது. ஆனால் 2001இல், அருகே கடலிலிருந்து செங்குத்தாக எழும் 'பால்ஸ் பிரமிடு' என்னும் பாறையில், ஒரு புதரடியில் சில பூச்சிகள் உயிரோடிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

பயணிகளின் வருகை

தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் நீராவிக் கப்பலில் வந்தனர். 1947இலிருந்து 1974வரை, சிட்னியின் ரோஸ் பே நீர்நிலையத்திலிருந்து பறக்கும் படகுகள் எனப்பட்ட கடல் விமானங்கள் வந்தன. அவை காயலில் இறங்கக் கடலேற்றம் வேண்டும். ஆகவே பயண நேரத்தைக் கடலே தீர்மானித்தது. 1974இல் ஏறத்தாழ 900 மீட்டர் நீளமுள்ள சிறிய ஓடுபாதை அமைந்தது. பெரிய விமானங்கள் இதில் இறங்க முடியாது.

1953ஆம் ஆண்டுச் சட்டப்படி தீவின் நிலம் அரசுக்குரியது. குடிமக்கள் நிரந்தரக் குத்தகையில் வாழ்கின்றனர். 1982இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நிரந்தரக் குடிகளும் ஏறத்தாழ நானூறு பேரே. விருந்தினர் எண்ணிக்கை குடிமக்கள் எண்ணிக்கையை மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வதே இங்குள்ள விடுமுறை அமைதியின் அடிப்படை. சாலையில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். பெரும்பாலோர் மிதிவண்டியில் செல்கின்றனர்.

மீட்சி

பறக்க இயலாத 'உட்ஹென்' என்னும் கானாங்கோழி இனப் பறவை 1970களில் முப்பதளவே எஞ்சியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் கூண்டில் வளர்த்து விடப்பட்டதால் பிழைத்தது. எலிகளை முற்றாக ஒழிக்கும் திட்டம் நெடுநாள் விவாதத்துக்குள்ளானது. நச்சு இரையால் தங்களுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கு நேருமோ என்று அஞ்சியவர்கள் பலர். 2015இல் தீவினரிடம் நடந்த வாக்கெடுப்பில் 52 விழுக்காட்டினரே ஆதரித்தனர். 2019இல் திட்டம் நிறைவேறியது. 2021இல் மீண்டும் சில எலிகள் தென்பட்டபோது தேடிப் பிடித்து அகற்றினர். உட்ஹென் பறவைகள் இன்று ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

பயணத்தைத் திட்டமிடுவோருக்கு

படுக்கைகளும் விமான இருக்கைகளும் குறைவாதலால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடைக்காலம். காயலில் நீந்த ஏற்றது. 875 மீட்டர் உயரமுள்ள கோவர் மலையில் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் ஏறலாம். ஏறி இறங்க ஒரு பகல் முழுதும் பிடிக்கும். குளிர்காலத்தில் சென்றால் மலையுச்சியில் கூடு கட்டும் கடற்பறவைகளைக் காணலாம். குரல் கொடுத்தால் அவை வானிலிருந்து இறங்கிக் காலடியில் வந்து அமரும்.

புறப்படுமுன் காலணியில் ஒட்டியுள்ள மண்ணையும் விதைகளையும் நன்றாகத் துலக்கிவிட வேண்டும். தாவர நோய்கள் அவ்வழியே தீவுக்குள் நுழையும். ஒரு கப்பலிலிருந்து இறங்கிய எலிகள் செய்த கேட்டைத் திருத்த நூறாண்டு ஆயிற்று. அங்கே போகும் ஒவ்வொரு பயணியும் ஒரு சிறு கப்பல்தான்.