எஞ்சின் அழுக்கு எங்கே போனது?

எஞ்சினைப் பிரித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். ரிப்பேரைவிடச் சுத்தம் செய்வதுதான் பெரிய வேலை என்பார்கள். பல வருட எண்ணெயும் தூசியும் சேர்ந்து சிலிண்டர் பிளாக்கில் தார் மாதிரி ஒட்டியிருக்கும். இந்த அழுக்கைப் போக்கிய கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஆரம்பத்தில் மெக்கானிக்குகளுக்குக் கை கொடுத்தவை மண்ணெண்ணெயும் பெட்ரோலும்தான். பெட்ரோலில் கிரீஸ் சீக்கிரம் கரையும். ஆனால் ஒரு தீப்பொறி போதும், பட்டறையே போய்விடும். 1923-ல் அமெரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அந்த ஈயச் சேர்மம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகக்கூடியது என்பதால் ஆபத்து இரண்டானது.

பெரிய பட்டறைகளில் காஸ்டிக் சோடா கரைசலைச் சூடாக்கி, பிளாக்கை அப்படியே உள்ளே இறக்கினார்கள். வார்ப்பிரும்புக்கு இது ஒத்துவரும். அலுமினியத்தையோ அரித்துவிடும். கேம்ஷாஃப்ட் பேரிங்குகளையும் கெடுத்துவிடும். ஆகவே பாதி மட்டும் பிரித்த எஞ்சினுக்கு இந்த வழி சரிப்படாது.

இந்த நிலையில்தான் டிரைகுளோரோஎத்திலீன் என்ற திரவம் ஆலைகளில் இடம் பிடித்தது. இது 87 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், எளிதில் தீப்பிடிக்காது. தொட்டியின் அடியில் சூடாக்கினால் வரும் ஆவி காற்றைவிடக் கனமானது. குளிர்ந்த உலோகத்தை அதில் தொங்கவிட்டால் ஆவி அதன்மேல் திரவமாகப் படிந்து, கிரீஸைக் கரைத்துக்கொண்டு சொட்டும். தேய்க்கவே வேண்டாம்! இதை நம்பி மருத்துவர்கள் மயக்க மருந்தாகக்கூடப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் கழுவிய திரவம் எங்கே போனது? அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள லெஜுன் ராணுவ முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் இத்தகைய ரசாயனங்கள் கலந்திருந்தன. கசிந்த தொட்டிகளும் கொட்டிய கழிவுகளும் காரணம். 1982-ல் அங்கே ஒரு மாதிரியில் நூறு கோடியில் 1400 பங்கு டிரைகுளோரோஎத்திலீன் இருந்தது. அமெரிக்கா பின்னாளில் வகுத்த வரம்பு வெறும் 5 பங்கு. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் சிப்பாய்கள் மட்டுமல்ல, அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும்தான். அவர்களில் பலர் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2012-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதிப்படுத்தியது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்குத் தடை விதி கொண்டுவந்தது. சில பயன்பாடுகளுக்கு மட்டும் அவகாசம் தந்தது.

இன்று பல பட்டறைகளில் சுடுநீரும் காரச் சோப்பும் திரும்பி வந்துவிட்டன. சிலிண்டரைத் தீட்டியபின் தங்கும் நுண்ணிய பொடியைக் கிளப்ப சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும்தான் சிறந்தவை. கழுவியதும் துடைத்து எண்ணெய் தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உடனே துரு ஏறும்.

சோப்புத் தண்ணீரானாலும் அதில் எண்ணெய் கலந்திருக்கும். அதைச் சாக்கடையில் விட்டால் பழைய கதைதான். அழுக்கு அழிவதில்லை நண்பர்களே, இடம்தான் மாறுகிறது.