இரண்டு மஞ்சள் சாயங்கள்: புரோசியனும் லூசிபரும்

கொலன்னாவையில் கறிக்கு வாங்கும் றாலும் நண்டும் சிங்கி இறாலும் நரம்பியலுக்குப் பெரிதும் உதவிய உயிரிகள். நம் உடலில் வன்கூட்டுத் தசையை அடக்கும் வேலை முள்ளந்தண்டு வடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். இவற்றிலோ தசைநாரை நேரே தொட்டு அடக்கும் தனி நரம்புகள் உண்டு. ஒரு தசையை ஆளும் நரம்புக்கலங்களும் மிகச் சில. ஆனால் நரம்புத்திரட்டினுள் அவற்றின் கிளைகள் பின்னிக் கிடக்கின்றன. எது எதனுடையது என்று தெரியாது. ஒரே ஒரு கலத்துக்குள் நுண்குழாயைச் செலுத்தி ஒளிரும் சாயம் ஏற்றினால் அந்தச் சிக்கல் பிரியும்.

பிரித்துக் காட்டிய முதற் பெருமை புரோசியன் மஞ்சளுக்கு உரியது. பிறப்பால் அது துணிச்சாயம். பருத்திக்கென ஐ.சி.ஐ. நிறுவனம் 1956இல் கொண்டுவந்த இந்தச் சாயக்குடும்பம் நம் பத்திக் தொழிலாளருக்கும் பழக்கமானதுதான். 1968இல் ஹார்வர்டில் அன்டனி ஸ்ட்ரெட்டனும் எட்வர்ட் கிராவிட்ஸும் சிங்கி இறாலின் வயிற்று நரம்புத்திரட்டில் அதைச் செலுத்தினார்கள். பருத்தி நாரைப் பற்றும் அதே குணத்தால் அது கலத்தின் புரதங்களையும் பற்றிக்கொண்டது. இழையத்தைப் பதப்படுத்தி, அல்ககோலில் நீர் நீக்கி, மெல்லிய சீவல்களாக வெட்டிய பின்னும் சாயம் நின்றது. ஒரே கலத்தை வெவ்வேறு இறால்களில் ஒப்பிட வழி பிறந்தது. ஒளி மங்கல், பரவ மணிக்கணக்காகும் என்பவை அதன் குறைகள்.

லூசிபர் மஞ்சளோ கலத்துக்காகவே ஆக்கப்பட்டது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் வால்டர் ஸ்டூவர்ட் 1978இல் அதை அறிவித்தார். அது நிமிடங்களில் பரவும். உயிருள்ள இழையத்திலேயே பளிச்சென்று தெரியும். மின்னிணைப்புள்ள கலங்களுக்கிடையிலான நுண்துளைகள் வழியே அயற்கலத்துக்கும் கசியும். நன்னீர்ச் சிங்கியின் பெருநரம்பில் புரோசியனும் இப்படிக் கடந்ததுண்டு. என்றாலும் மங்கலான சாயம் சிறிதளவு கசிந்தால் கண்ணில் படாது. லூசிபர் அந்தச் சிறிதையும் காட்டிவிடும். இதனால் யார் யாரோடு இணைந்தவர் என்ற கேள்விக்கு அது சிறந்த சாட்சி. தனியொரு கலத்தின் எல்லையைத் துல்லியமாக வரைய வேண்டுமானால் அந்தக் கசிவே இடைஞ்சலாகும். அங்கே புரோசியனை நான் தாழ்த்த மாட்டேன்.

லூசிபரின் ஆற்றலை இன்னொரு படி மேலேற்றியவர்கள் ஜோன் மில்லரும் அலன் செல்வர்ஸ்டனும். 1979இல் கலிபோர்னியச் சிங்கி இறாலில் சாயமேற்றிய கலத்தின்மேல் கடும் நீல ஒளி பாய்ச்சி, அந்த ஒன்றை மட்டும் கொன்றார்கள். இந்த இறாலின் இரைப்பையை அசைக்கும் நரம்புத்திரட்டில் இருப்பவை ஏறத்தாழ 30 கலங்களே. ஒன்றை நீக்கியதும் தாளம் எப்படி மாறுகிறதென்று பார்க்கலாம். வடிவம் காட்ட வந்த சாயம் இங்கே தொழிலைச் சோதிக்கும் கருவியாயிற்று. இலங்கைக் கரைகளில் பிடிபடும் சிங்கி இறால்களும் அதே பனுலிரஸ் பேரினத்தவை. கொழும்பில் ஒரு மாணவர் கலத்துக்குச் சாயமேற்றும் வேலையைத் தொடங்குவதானால் லூசிபரையே கையில் எடுக்கச் சொல்வேன். ஆனால் உயிருள்ள கலத்தைப் பார்க்கும்போது நீல விளக்கை மங்கலாக, சிறிது நேரமே எரியவிட வேண்டும்.