'கர்' என்று முடியும் பெயர்கள்

மத்திய அரசுப் பணியில் பம்பாய்க்கு மாற்றலாகிச் சென்ற புதிதில், அலுவலக வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பக்கத்துக்குப் பக்கம் 'கர்', 'கர்' என்றே பெயர்கள் முடிந்தன. ஒருவருக்கொருவர் உறவோ என்று நினைத்து, மூத்த குமாஸ்தா ஒருவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அது ஊர், ஸார். நீங்கள் ஊரை முன்னால் இனிஷியலாக வைக்கிறீர்கள், நாங்கள் பின்னால் வைக்கிறோம்" என்றார். அன்று பிடித்த ஆர்வம், பணி ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகியும் விடவில்லை.

நாம் 'வலங்கைமான்காரர்', 'கல்லிடைக்குறிச்சிக்காரர்' என்று சொல்வதில்லையா? அதுபோல மராத்தியிலும் கொங்கணியிலும் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்தால் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று பொருள். புணேகாரர் 'புணேகர்'. ஆனால் 'கர்' என்று முடிவதெல்லாம் ஊர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. திவாகர், பிரபாகர், பாஸ்கர் எல்லாம் சூரியனைக் குறிக்கும் ஸம்ஸ்கிருதப் பெயர்கள். பண்டார்கர் என்பதில் உள்ள பண்டாரம் கருவூலம்; எனவே அது தொழிலால் வந்த பெயர்.

ஊர்ப்பெயருக்கு அழகான உதாரணம் மங்கேஷ்கர். லதா மங்கேஷ்கரின் (1929–2022) பாட்டனார் கோவாவில் மங்கேஷி என்னும் ஊரிலுள்ள சிவாலயத்தில் அர்ச்சகர். குடும்பப் பெயர் ஹர்டீகர். லதாவின் தந்தை தீனாநாத் நாடக மேடைக்கு வந்தபோது, பிறந்த ஊரையும் ஸ்வாமியையும் சேர்த்து நினைவூட்டும்படி மங்கேஷ்கர் என்று வைத்துக்கொண்டார். 2001-ல் லதாவுக்கு பாரத ரத்னா வழங்கப்பட்டபோது, அந்தச் சிறு கிராமத்தின் பெயரும் ராஷ்டிரபதி பவனில் ஒலித்தது.

அதே கோவாவில் உள்ள மாஷேல் என்ற ஊர் தந்தவர் விஞ்ஞானி ரகுநாத் மஷேல்கர். காயத்தை ஆற்ற மஞ்சள் பூசுவது நம் பாட்டிமார்கள் அறிந்த வைத்தியம். அதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். மஷேல்கர் தலைமையில் இருந்த விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்யவைத்தது.

கணிதப் பிரியர்களுக்குக் காப்ரேகர் (1905–1986) பெயர் தெரிந்திருக்கும். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர்; என்னைப் போல வெறும் பி.எஸ்ஸி.தான். அவர் கண்டது 6174 என்ற எண். எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஏதாவது நான்கு இலக்க எண்ணை எடுங்கள். 1947 என்று வைத்துக்கொள்வோம். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள்: 9741 – 1479 = 8262. விடையை மறுபடி அதேபோல் செய்தால் 6354, பிறகு 3087, 8352, கடைசியில் 6174. அதன் பிறகு எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் அங்கே வந்து நிற்கும். இதை அவர் முதலில் அறிவித்தது 1949-ல், நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். பேரன் பேத்திகளோடு செய்து பாருங்கள்.

புணேயில் 1917-ல் ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் பெயரால் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் மஹாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பை எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் பொறுப்பேற்றவர் உத்கீகர். 1925-லிருந்து 1943-ல் காலமாகும் வரை பொதுப் பதிப்பாசிரியர் சுக்தங்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஸம்ஸ்கிருதத்துக்கு வந்தவர். அவருக்குப் பின் பேல்வல்கர். எல்லாரும் 'கர்'! தஞ்சை சரஸ்வதி மஹாலின் ஓலைச்சுவடிகளும் இதற்காக ஒப்பிடப்பட்டன. 1966-ல் 19 தொகுதிகளாக மூலம் நிறைவு பெற்றது.

கிரிக்கெட்டைச் சொல்லாவிட்டால் வாசகர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் தொடரை வென்று தந்த தலைவர் வாடேகர். சேப்பாக்கத்தில் 1983-ல் 236 ரன் எடுத்து, பிராட்மனின் 29 சதங்களைத் தாண்டியவர் கவாஸ்கர். லார்ட்ஸில் மூன்று சதம் அடித்தவர் வெங்சர்க்கார். நூறு சர்வதேச சதங்களுக்கு டெண்டுல்கர். ஆனால் நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத இருவரை. 1972-ல் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியவர் ராம்நாத் பார்கர். 1982-ல் அதே இங்கிலாந்துக்கு எதிராக லார்ட்ஸில் ஆடியவர் குலாம் பார்கர். ஒருவர் ஹிந்து, மற்றவர் கொங்கணத்து முஸ்லிம். பெயரின் முடிவு ஒன்றே.

விஷயத்தின் சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'கர்' ஜாதியையோ மதத்தையோ சொல்வதில்லை, மண்ணைச் சொல்கிறது. டாக்டர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால். பூர்வீகம் ரத்னகிரி மாவட்டத்து அம்படவே. அதனால் 'அம்படவேகர்' என்றிருந்த பெயரை, தன்னிடம் அன்பு காட்டிய ஒரு பிராமண ஆசிரியர் தம் பெயரான 'அம்பேத்கர்' என்று மாற்றினார் என தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இதை ஏற்காதவர்களும் உண்டு. எப்படியானாலும், கோவில் அர்ச்சகர் வம்சத்துப் பெயரும், கோவிலுக்குள் விடப்படாத ஜாதியில் பிறந்த மேதையின் பெயரும் ஒரே எழுத்துகளில் முடிகின்றன. நம் சங்கத்து அன்பர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது அடியேனின் விண்ணப்பம்.

நம்மிடமும் ஊர் இருந்தது. அரியக்குடி, செம்மங்குடி என்று ஊரைச் சொன்னாலே வித்வான் யாரென்று தெரிந்தது. ஆர்.கே. நாராயணின் முதல் எழுத்து ராசிபுரம், எம்.எஸ். சுவாமிநாதனின் முதல் எழுத்து மான்கொம்பு. என் தகப்பனார் கையெழுத்தில் ஊர், தந்தை பெயர் இரண்டுக்கும் எழுத்து இருந்தது. வடக்கே வேலைக்குச் சேர்ந்தபோது, விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று குழம்பி, தகப்பனார் பெயரை எழுதினேன். ஊரின் எழுத்தைச் சௌகரியத்துக்காக விட்டுவிட்டேன். யாரும் வற்புறுத்தவில்லை.

போன வருஷம் பேத்தி பள்ளிக்காக வம்ச விருட்சம் வரைந்தாள். "தாத்தா, இந்த எல்லாருக்கும் ஊர் எது?" என்றாள். சொன்னேன். எப்படி எழுதுவது என்று எழுத்துக்கூட்டிக் கேட்டாள். அவள் பெயரில் அதன் ஓரெழுத்துகூட இல்லை.

பல நகரங்களில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாஸ்போர்ட்டில் இனிப் பெயரை மாற்ற வேண்டாம். வீட்டில் ஒரு நோட்டில் உங்கள் ஊர், வட்டம், குலதெய்வக் கோவில் மூன்றையும் எழுதி, குழந்தைகளிடம் கொடுத்து வையுங்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.