இழுபட்ட கை: பேறுகாலக் காயத்தின் வரலாறு குறித்து

வண்டலூரில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். மடியில் பேரன், வலது கை தோளிலிருந்து துவண்டு தொங்கியது. "தலை வந்துடுச்சு தம்பி, தோள் வரல. புடிச்சு இழுத்தாங்க. எம் பொண்ணு குள்ளமாம், அவ உடம்புதான் காரணம்னுட்டாங்க." இந்தக் கடைசி வாக்கியத்தை வரலாறாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

1859இல் பெர்லினில் பிட்டம் முன்வந்து பிறந்த ஒரு பிள்ளைக்கு இடது கை செயலிழந்தது. பின்னாளில் ஜெர்மன் பேரரசரான இரண்டாம் வில்ஹெல்ம்தான் அவர். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் சேதமாவதால் வரும் இந்த வாதத்தை 1874இல் வில்ஹெல்ம் எர்ப் விவரித்தார். பேரரசரின் கையைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. நம் பிள்ளைகளின் கை 'தலையெழுத்து' என்ற ஒரே சொல்லில் முடிந்துபோகிறது.

மருத்துவம் ஒரு பட்டியல் தருகிறது: பெரிய குழந்தை, தாய்க்குச் சர்க்கரை, நீளும் பிரசவ வலி, ஆயுதப் பிரசவம், தாயின் குறைந்த உயரம். பட்டியல் பொய்யல்ல. ஆனால் அந்தக் குள்ளம் எங்கிருந்து வந்தது? வளரும் வயதில் ஒரு பெண்ணின் தட்டுக்கு வராத சோறும் அதில் உண்டு. அதைத் 'தாயின் உடல்' என்று பெயரிட்டதும் பசி மறைந்து உடல் குற்றவாளியாகிறது.

அறிவும் அதிகாரமாகவே இருந்திருக்கிறது. லண்டனில் சேம்பர்லென் குடும்பம் பிரசவ இடுக்கியை நூறாண்டுக்கும் மேலாக ரகசியமாக வைத்துப் பிழைத்தது. சென்னையில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரி தொடங்கியது. இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை அதன் தொடர்ச்சி. நவீன மருத்துவம், நாவிதர் சாதி மருத்துவச்சியை அழுக்கும் அறியாமையுமாகக் கட்டமைத்தது. அவள் கை தீட்டு. ஆனால் பிள்ளையெடுக்க அதே கைதான் வேண்டியிருந்தது. அவளைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. தோள் சிக்கினால் அவளும் இழுத்திருக்கக்கூடும்.

2007இல் தமிழக அரசு கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. பெரிய முன்னேற்றம். ஆயினும் தோள் சிக்குவதைப் பல சமயம் எந்தப் பட்டியலாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; பட்டியலில் இல்லாத தாய்க்கும் அது நேர்கிறது. அப்போது செய்ய வேண்டியது தலையை இழுப்பதல்ல. தாயின் தொடைகளை இருவர் வயிற்றோடு மடக்கிப் பிடிக்க, இன்னொருவர் அடிவயிற்றில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, அழுத்த வேண்டும். குறைந்தது மூன்று நான்கு பேர், அதுவும் பழகியவர்கள், வேண்டும்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். "அன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு நர்சம்மாதான் தம்பி இருந்தாங்க" என்றார். இந்த வரி எந்தப் பட்டியலிலும் இல்லை. நாம் கேட்க வேண்டிய கணக்கு இதுதான்.