கியர் வண்டிகளில் குரூஸ் கண்ட்ரோல்

குரூஸ் கண்ட்ரோல் என்பது, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிராமலேயே அவர் குறித்த வேகத்தில் வண்டியைத் தொடர்ந்து செலுத்தும் கருவியமைப்பு ஆகும். இதனைத் தமிழில் சீர்வேகக் கட்டுப்பாடு எனலாம். தானியங்கிக் கியர் கொண்ட வண்டிகளில் மட்டுமே இது இயலும் என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து சரியன்று. கையால் கியர் மாற்றும் வண்டிகளிலும் இது இயங்கும். ஆனால் சில கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் தேவைப்படும்.

வரலாறு

பொறியின் வேகத்தைத் தானாகவே சீராக்கும் எண்ணம் பழமையானது. 1788 இல் ஜேம்ஸ் வாட் நீராவிப் பொறியில் சுழலும் குண்டுகளைக் கொண்ட வேகச் சீராக்கியைப் பயன்படுத்தினார். தற்கால மகிழுந்துகளில் உள்ள முறைக்கு வழிவகுத்தவர், சிறுவயதிலேயே பார்வையை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் ஆவார். அவர் 1950 இல் இதற்குக் காப்புரிமம் பெற்றார். கிரைஸ்லர் நிறுவனம் தனது 1958 ஆம் ஆண்டு மாதிரிகளில் இதனை அறிமுகப்படுத்தியது.

இந்தியாவில் 2011 இல் வெளிவந்த மகிந்திரா எக்ஸ்யுவி 500, தொடக்கத்தில் கைக்கியருடன் மட்டுமே கிடைத்தது. அதன் உயர்நிலை வகையில் இவ்வசதி இருந்தது. டிவிஎஸ் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அப்பாச்சி ஆர்டிஆர் 310 என்னும் ஆறு கியர் விசையுந்திலும் இது உண்டு.

செயற்படும் முறை

சக்கரங்களின் சுழற்சியை உணரி அளந்து, வண்டியின் வேகத்தைக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தெரிவிக்கும். குறித்த வேகத்துக்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கணினி காணும். வேகம் 80 கி.மீ. எனக் குறித்திருக்க வண்டி 77 கி.மீ. இல் சென்றால், வேறுபாடு 3 ஆகும். இவ்வேறுபாட்டுக்கு ஏற்ப, பொறிக்குச் செல்லும் காற்றும் எரிபொருளும் கூட்டப்படும். வேறுபாடு சிறிதளவே எஞ்சி நீடித்தாலும், அது காலப்போக்கில் கூட்டிக் கணக்கிடப்பட்டுத் திருத்தப்படும். பழைய வண்டிகளில் வெற்றிட விசையால் இழுக்கப்படும் கம்பி இவ்வேலையைச் செய்தது; இன்று மின்மோட்டார் செய்கிறது.

கிளட்சின் பங்கு

கிளட்சை மிதித்தால் பொறிக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பு அறுபடும். அப்போதும் எரிபொருள் சென்றுகொண்டிருந்தால், சுமையற்ற பொறி மிகை வேகத்தில் சுழலும். இதனைத் தடுக்க, பிரேக் மிதியில் உள்ளதுபோலவே கிளட்ச் மிதியிலும் ஒரு நிலைமாற்றி பொருத்தப்பட்டிருக்கும். மிதியைத் தொட்டவுடன் கட்டுப்பாடு விடுபடும். சில வண்டிகளில், கியர் மாற்றும் சில நொடிகள் மட்டும் நின்று மீண்டும் தானே தொடரும்.

கிளட்சை மிதிக்காமலே கியர் நழுவி நடுநிலைக்கு வந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு கியரிலும் பொறியின் சுழற்சிக்கும் வண்டியின் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாதது. 80 கி.மீ. வேகத்தில் பொறி நிமிடத்துக்கு 2000 முறை சுழன்றால், அதே கியரில் 90 கி.மீ. வேகத்தில் 2250 முறை சுழலும். இவ்விகிதம் திடீரெனக் குலைந்தால், கணினி அதனைக் கண்டு கட்டுப்பாட்டை விடுவிக்கும் வகையில் அமைக்க இயலும்.

வரம்புகள்

கணினியால் இவ்வண்டிகளில் கியரை மாற்ற இயலாது. ஏற்றத்தில் பொறி திணறினால் ஓட்டுநரே கீழ்க்கியருக்கு மாற்றவேண்டும். இறக்கத்தில் சாதாரண வகைக் கருவி பிரேக் போடாது. எரிபொருளை மட்டுமே குறைக்கும். எனவே வேகம் குறித்த அளவைத் தாண்டக்கூடும். சரக்கு வண்டிகளில் உள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவியுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது உச்ச வேகத்தை மட்டும் தடுப்பது. இது குறித்த வேகத்தைக் காப்பது.

கரிசற்காட்டுச் சாலைகளில்

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை அருப்புக்கோட்டை வழியே பெரும்பாலும் சமவெளியில் செல்கிறது. ஏற்ற இறக்கம் குறைவாதலால், ஒரே கியரில் நெடுந்தொலைவு செல்ல முடியும். கைக்கியர் வண்டியில் குரூஸ் கண்ட்ரோல் நன்கு பயன்படுவது இத்தகைய சாலையிலேயாம். 2018 ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை, நடுத்திட்டு உடைய நான்குவழிச் சாலைகளில் மகிழுந்துகளின் உச்ச வேகத்தை 100 கி.மீ. எனவும், ஏனைய சாலைகளில் 70 கி.மீ. எனவும் வரையறுத்தது.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இயல்பு வேறு. ஓரங்களில் அடர்ந்துள்ள சீமைக்கருவேல மரங்களின் மறைவிலிருந்து ஆடுமாடுகள் திடீரெனக் குறுக்கிடலாம். 90 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். மிதியிலிருந்து விலகி ஓய்ந்திருக்கும் கால், பிரேக்குக்கு வரச் சற்றுத் தாமதமானாலும் அத்தொலைவு கடந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டிராக்டர்களின் சக்கரங்களில் ஒட்டிவரும் கரிசல் மண் தார்ச்சாலையை வழுக்கலாக்கும். வழுக்கலில் பிடிமானம் குறையும்போதும் கருவி வேகத்தைக் காக்கவே முயலும். ஆகையால் ஈரச் சாலையிலும், ஊர்களுக்குள்ளும், தூக்கக் கலக்கத்திலும் இதனைப் பயன்படுத்தலாகாது. இக்கருவி காலுக்கு ஓய்வு தருவதேயன்றிக் கண்ணுக்கு ஓய்வு தருவதன்று.